எல்லாத் திரையிலும் ஒரே சாம்பல்

நவம்பர் 3, திங்கள்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை பானு கொடுத்த டைரி. ஆறு வருடம் பழையது. அச்சடித்த தேதி, கிழமை எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன். "சும்மா மனசுல போட்டுக் குழப்பாம எதுலயாவது எழுதுங்கக்கா" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு என் மனசு வெளியே தெரிகிற அளவுக்கு இருக்கிறதா என்று யோசித்தபடி முதல் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் வேலைக் கணக்கு. இந்த வலைத்தளம் செய்யும் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம். இந்த மாதம் 28ஆம் தேதியோடு சோதனைக் காலம் முடிகிறது. அன்று முதலாளி இசக்கிராஜா 'இருங்கள்' என்பார், அல்லது 'பார்க்கலாம்' என்பார். 'பார்க்கலாம்' என்றால் பெருமாள்புரத்து ஒற்றை அறை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசியில் அண்ணன் வீட்டு மாடிக்குப் போக வேண்டும். அண்ணன் நல்லவன். அண்ணி அவனைவிட நல்லவள். அதுதான் பயம்.

இன்று புது வேலை வந்தது. பாளையங்கோட்டையில் நான் படித்த அதே கல்லூரி. பவள விழாவுக்குப் பழைய மாணவிகள் கூடுகிறார்கள், டிசம்பர் 20. அதற்கான பதிவுப் படிவம். பதிவு எண்ணை அடித்து 'தேடு' என்று அழுத்தினால், பழைய பதிவேட்டிலிருந்து பெயர், வருடம், துறை எல்லாம் தானாக வந்து நிரம்பும். நிரம்பியதும், எண் உட்பட அந்த நாலு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். யாரும் மாற்ற முடியாது. மீதி மூன்று பெட்டி திறந்திருக்கும்: கைபேசி எண், சைவமா அசைவமா, 'மறக்க முடியாத ஒன்று'.

படிவம் எனக்கு முன்பு வேறொருவர் எழுதி வைத்தது; பொதுவில் இன்னும் திறக்கவில்லை. தகராறு பூட்டிய பெட்டிகளின் தோற்றத்தில். குரோமில் ஒரு மாதிரி, ஃபயர்பாக்ஸில் ஒரு மாதிரி, ஐபோனில் வேறு மாதிரி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. 12ஆம் தேதி கெடு.

"சின்ன வேலைதான்க்கா" என்றார் இசக்கிராஜா. முப்பது வயது முதலாளி. அவர் சின்ன வேலை என்று சொல்லும்போதெல்லாம் பானு என் பக்கம் திரும்பிக் கண்ணை உருட்டுவாள்.

நவம்பர் 5, புதன்

சோதித்துப் பார்க்க ஒரு பதிவு எண் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், என்னுடையது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல் தானாக அடிக்கிறது.

ந. பூங்கோதை. 1999–2002. கணிதம்.

குரோமில் பெயர் சாம்பல் நிறம், பின்னால் லேசான சாம்பல். ஃபயர்பாக்ஸில் சாம்பல் வேறு. துறைப் பெட்டி மட்டும் இன்னும் வெளுப்பு. 'ந.'வில் கண் நின்றது. அப்பாவின் எழுத்து. சேர்ந்த அன்றைக்கு அடையாள அட்டைக்கு இனிஷியல் கேட்டார்கள், இதுவா, கல்யாணத்துக்குப் பிறகு வந்ததா என்று முடிவாகாமல் பிறகு சொல்கிறேன் என்றேன். அட்டை இன்னும் வரவில்லை. தப்பு என்மேல்தான்.

'அனுப்பு' அழுத்திப் பார்த்தேன். பட்டியலில் முதல் ஆளாக என் பெயர் போய் நின்றது. உடனே அழித்தேன். சோதனைப் பதிவுதானே.

கீழ்த்தளத்தில் பீர் முகமது பாய் பழைய கைபேசி வாங்கி விற்கிறார். பானு போய் விற்பனைக்கு வைத்திருந்த பதினோரு போனையும் தாம்பாளத்தில் அடுக்கி, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுவருவது போல எடுத்துவந்தாள்.

"மாப்பிள்ளை யாருக்கா பிடிச்சிருக்கு?"

"யாருக்கும் பார்வை சரியில்லைடி" என்றேன். பதினோரு போனிலும் என் பெயர், பதினோரு விதச் சாம்பலில்.

நவம்பர் 6, வியாழன்

விழாக் குழுச் செயலாளர் லீலாவதி மேடம் கூப்பிட்டார். எழுபத்தோரு வயது, அதே கல்லூரியில் படித்து அங்கேயே ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர். எங்கள் காலத்திலும் அவர்தான். குரல் அப்படியே இருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏம்மா, என் பேரே வரலியே."

"வந்திருக்கும் மேடம். பெட்டிக்குள்ள கொஞ்சம் மங்கலா..."

"மங்கலா? நான் செத்து ஆவியா அலையற மாதிரி இருக்கு. என் பையன் அனுப்பின ஐபோனு. வெயில்ல போய்ப் பார்த்தேன், நிழல்ல பார்த்தேன், கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கடைசில கேஸ்காரப் பையன் படிச்சுச் சொன்னான்."

"சரி பண்ணிடுறேன் மேடம்."

"பண்ணும்மா. பேப்பர் பாரம் வேண்டாம், எல்லாம் இதுலயே பண்ணிக்கலாம்னு கமிட்டில சண்டை போட்டு வாங்கினது நான். என் மானத்தைக் காப்பாத்து. ஆமா, நீ எந்த பேட்ச்?"

நம் கல்லூரி என்று எப்படித் தெரிந்தது? குரல் நிமிர்ந்ததில் தெரிந்திருக்கும். சொன்னேன்.

"அப்போ பதிஞ்சிட்டியா?"

"வேலை முடிஞ்சதும் பதியணும் மேடம்."

நவம்பர் 8, சனி

விடுமுறை. தண்ணீர் வந்தது, பிடித்தேன். கணவர் வீட்டை விட்டுத் தனியாக வந்த பிறகு, ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு அரைப்பது என்று இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. நாலு நாள் இட்லி. வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். தொலைத்தால் என்ன செய்வது என்று மகள் நிலானி திருச்சியிலிருந்து கேட்டாள். தொலைக்க மாட்டேன் என்றேன்.

"அப்பா போன் பண்ணாங்களாம்மா?"

"இல்ல."

"நீ பண்ணியா?"

"எனக்கு இங்க ஐபோன் பிரச்சினையே தலைக்கு மேல இருக்கு."

"அம்மா, நீ சந்தோஷமா இருக்கியா?"

இட்லி அதிகம் என்றேன். சிரித்தாள். அது போதும்.

நவம்பர் 10, திங்கள்

பிடித்துவிட்டேன்!

ஐபோனில் எழுத்துக்கு நான் என்ன நிறம் கொடுத்தாலும் வெளுத்தது. காரணம் இரண்டு. பூட்டிய பெட்டி என்றாலே அது தன்பாட்டுக்கு முழுவதையும் அரைகுறையாகக் கரைத்துக் காட்டுகிறது. அது போக, எழுத்துக்குள் நிரப்பும் நிறம் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. சாதாரண நிறக் கட்டளையை மதிப்பதில்லை. 'கரைக்காதே' என்று ஒரு வரி, 'இந்த நிறத்தால் நிரப்பு' என்று ஒரு வரி. பாயின் ஐபோனில் 'ந. பூங்கோதை' பளிச்சென்று எழுந்து வந்தது. நாற்காலியிலிருந்து நானும் எழுந்துவிட்டேன்.

பெட்டியின் சாம்பலுக்குப் பானுவும் நானும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அதிகம் வெளுத்தால் படிக்க முடியாது. அதிகம் கறுத்தால் பூட்டிய பெட்டி என்று தெரியாது, ஆட்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

"இது அடுப்புச் சாம்பல்க்கா. கொஞ்சம் மழை மேகம் வேணும்."

"மழை மேகத்துல லீலாவதி மேடம் பேரு தெரியணும்டி."

ஒருவழியாக மேகத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றது.

ஒன்று மட்டும் இடித்தது. பெயர், எண், வருடம் மூன்றையும் முன்பு படிவத்தை எழுதியவர் 'ரீட்ஒன்லி' என்று வைத்திருந்தார். படிக்கலாம், மாற்ற முடியாது. துறை மட்டும், தட்டினால் கீழே விரிந்து தேர்ந்தெடுக்கிற பட்டி. பட்டிக்கு ரீட்ஒன்லி செல்லாது. அதனால் அதை 'டிசேபிள்டு' என்று மொத்தமாகப் பூட்டியிருந்தார். நாலில் ஒன்று வேறு சாதி. அதனால்தான் அது மட்டும் வேறு சாம்பல். நாலையும் டிசேபிள்டு ஆக்கினேன். ஒரே சாதி, ஒரே சாம்பல், பதினோரு போனிலும். வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தபோது பள்ளிக்கூடச் சீருடை மாதிரி அவ்வளவு அழகு.

'அனுப்பு' பொத்தானை இப்போதெல்லாம் நான் அழுத்துவதில்லை. அழுத்தினால் பெயர் பட்டியலுக்குப் போகிறது, பிறகு அழிக்க வேண்டும். எதற்கு?

பெட்டிக்குள் மறுபடி எழுந்த பெயரைப் பார்த்தால் ஜெசிந்தா சிரிப்பாள். ஹாஸ்டலில் என் அறைத் தோழி. 'உம் பேரு எழுதவே ஒரு பக்கம் வேணும்ட்டி' என்பாள்.

நவம்பர் 12, புதன்

படிவத்தைத் திறந்துவிட்டோம். இசக்கிராஜா எல்லாருக்கும் உளுந்த வடை வாங்கினார். எனக்கு இரண்டு. லீலாவதி மேடம் கூப்பிட்டார்: "பேரு நல்லாத் தெரியுதும்மா. படிச்ச வருஷமும் தெரியுது, அதுதான் கொஞ்சம் சங்கடம்."

நவம்பர் 13, வியாழன்

அறுபத்திரண்டு பேர் பதிந்துவிட்டார்கள். மழை. குடை அலுவலகத்தில்.

நவம்பர் 17, திங்கள்

காலை பத்தரைக்கு லீலாவதி மேடம். "பட்டியலை அனுப்பும்மா, பெயர் அட்டை அச்சடிக்கணும்."

பட்டியலைத் திறந்தேன். நூற்று முப்பத்தேழு வரிசை. பெயர் இல்லை. எண் இல்லை. வருடம் இல்லை. துறை இல்லை. கைபேசி எண்ணும், சைவம் அசைவமும், மறக்க முடியாத ஒன்றும் மட்டும். நூற்று முப்பத்தேழு பெண்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஆனால் எண்பத்தொன்பது பேருக்குக் கோழி வேண்டும்.

சட்டென்று புரிந்தது. டிசேபிள்டு என்று பூட்டிய பெட்டியில் இருப்பது திரையில் தெரியும், ஆனால் அனுப்பும்போது கூடப் போகாது. அது எந்தப் பிரவுசரிலும் மாறாத விதி. ஆறு மாத இணைய வகுப்பில் மூன்றாவது வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன்.

பதினோரு திரையில் பார்த்தோம். மறுமுனையில் என்ன வந்து விழுகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை 'அனுப்பு' அழுத்தியிருந்தால் போதும். வேறு யாருடைய எண்ணையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை.

இசக்கிராஜாவிடம் போய் நானே சொன்னேன். தலையில் கை வைத்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணி வச்சிருக்கிய?"

"சரி பண்ண இருபது நிமிஷம் போதும். இனிமே வர்றவங்களுக்குச் சரியா வரும்."

"வந்தவியளுக்கு?"

 அவரே கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்வோம். காலேஜ் சர்வர்ல கோளாறு, மறுபடி பதிங்கன்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் தட்டி விட்ருவோம். யாருக்குத் தெரியும்?"

"லீலாவதி மேடத்துக்குக் கமிட்டில பேரு கெட்டுப்போகும். அவங்க சண்டை போட்டு வாங்கின வேலை இது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுதிய?"

"கைபேசி எண் இருக்கே. நான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்கிறேன். தப்பு எங்களோடதுன்னு சொல்லியே கேட்கிறேன்."

"நூத்தி முப்பத்தேழு பேரு!"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

என்னையே பார்த்தார். "28ஆம் தேதி ஞாபகம் இருக்குலாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

பூட்டை மாற்றினேன். மூன்று பெட்டிக்கு மறுபடி ரீட்ஒன்லி. துறைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி, அது விவரத்தைச் சுமந்து போகும். அதே சாம்பல். சரியாக இருபது நிமிடம். லீலாவதி மேடத்திடமும் நானே சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கணக்குல நீ அவசரக்காரின்னு அப்பவே சொல்வாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

பானு தொண்ணூறிலிருந்து தான் பார்த்துக்கொள்வதாகப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு ஒன்று முதல் எண்பத்தொன்பது.

முதல் அழைப்பு.

"வணக்கம். கல்லூரிப் பவள விழாவுக்குப் பதிவு பண்ணியிருந்தீங்க. எங்க தப்பால உங்க பெயர் வரல. நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"போன் பண்ணினது நீ. நான் யாருன்னு என்கிட்ட கேக்கே?"

"மன்னிக்கணும், உங்க பெயர்..."

"அடுத்து ஓடிபி கேப்பே. கேளு பாப்போம். என் மருமகன் போலீஸ்லதான் இருக்கான்."

வைத்துவிட்டார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். மருமகன் விசாரித்து, நான் உண்மையான ஆள்தான் என்றானாம். பிறகு பதினைந்து நிமிடம் விடவில்லை.

ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். முதலிலேயே அவர்கள் எழுதிய ஞாபகத்தைப் படித்துக் காட்டிவிடுவது. 'வியாழக்கிழமை உப்புமாவைச் சுவரில் எறிந்தேன், ஒட்டிக்கொண்டது' என்று நான் படித்தால், "ஐயோ அது நான்தான்!" என்று மறுமுனையில் அலறல். பிறகு ஓடிபி பயம் போய்விடுகிறது.

எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி: "எந்த இனிஷியல் சொல்லணும்? காலேஜ்ல இருந்ததா, இப்ப உள்ளதா?" காலேஜில் இருந்தது என்றால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்கிறார்கள். சிலருக்கு அப்படிச் சொல்லும்போது குரல் இளையதாகிறது. அறுபத்தெட்டாம் வருடத்து அம்மா ஒருவர், "எங்க அப்பா எழுத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார்.

இன்று நாற்பத்தொன்று முடிந்தது. தொண்டைக்கு மிளகுப் பால்.

நவம்பர் 19, புதன்

எண்பத்தைந்து வரை முடிந்தது. பிறகு 87, 88, 89. வெற்றி. எடுக்காமல் விட்டுப்போன ஏழு எண்களை மறுபடி அடித்தேன். ஏழு பேரும் எடுத்தார்கள். மழைக்குத் துணி காயவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பானு தன் பங்கை முடித்துவிட்டு என் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, எண்பத்தாறு ஏன் காலியா இருக்கு?"

"எடுக்கலை."

"போன் அடிச்ச குறியே போடலியே நீங்க. உடனே எடுக்காத மத்ததுல மூணு மூணு குறி இருக்கு."

"நாளைக்கு அடிக்கிறேன்."

அவள் திரையில் எண்பத்தாறைத் திறந்து உரக்கப் படித்தாள். நான் தடுக்கவில்லை, மனப்பாடமாகத் தெரிந்ததைத் தடுத்து என்ன?

'மெஸ் வேலைநிறுத்தம் அன்று பக்கெட் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டு முட்டை அவித்தோம். ஹாஸ்டல் முழுக்க ஃப்யூஸ் போனது. வார்டனிடம் மாட்டியது நான், அவித்தது பூங்கோதை. அவள் வருகிறாளா என்று யாராவது சொல்லுங்கள்.'

பானு திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவிச்சது நீங்களா?"

"அரை வேக்காடு" என்றேன்.

அவள் உடனே டீ வாங்கப் போனாள். நல்ல பெண்.

எழுதித்தான் தீர வேண்டும் போலிருக்கிறது. ஜெசிந்தாவுக்கு 2004 மே மாதம் கல்யாணம். எனக்கு அந்த ஜனவரியில்தான் ஆகியிருந்தது. சேலை எடுத்து, பின் குத்தி, பை கட்டி வைத்தேன். 'என்னத்துக்கு அவ்வளவு தூரம்' என்றார்கள் கணவர் வீட்டில். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. காரணம் எழுதலாம் என்று கடிதத்தை ஆரம்பித்தால், 'வீட்டில் என்னை அனுப்பவில்லை' என்று எழுத வெட்கமாக இருந்தது. அவளுக்கு அந்த வெட்கம் தெரியாது; நான் வரவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் மூன்று கடிதம் போட்டாள். பிறகு போடவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. இசக்கிராஜாவிடம் சொன்ன கெடு. நூற்று முப்பத்தாறு இருந்தால் அது முழுப் பட்டியல் ஆகாது.

நவம்பர் 21, வெள்ளி

பத்து மணிக்கு அடித்தேன். பழகிப்போன வார்த்தைகள்தான், ஒரு மூச்சில்.

"வணக்கம். கல்லூரிப் பவள விழாப் பதிவு சம்பந்தமா கூப்பிடுறேன். எங்க தப்பால உங்க பெயர் வரல. நீங்க..."

 முடிக்க விடவில்லை அவள்:

"முட்டை வெந்துட்டாட்டி?"

தாளில் எண்பத்தாறுக்கு நேரே ஒரு குறி போட்டேன். பானு எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏ ட்டி, பூங்கோதை! வாயில என்ன, அந்த முட்டையையா வச்சிருக்கே?"

"ஜெசி."

"குரலு மாறவே இல்ல. 'வணக்கம்'னு சொன்னியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. வார்டன்கிட்ட பொய் சொல்லும்போது இப்படித்தான் வணக்கம் போடுவே."

"உன் கல்யாணத்துக்கு..."

"பந்தி முடிஞ்சு இலையும் எடுத்தாச்சு. எம் மூத்தவன் காலேஜ் முடிச்சிட்டான். இப்ப வந்து வாசல்ல நிக்கே."

"சேலை எடுத்து வச்சேன் ஜெசி. பையும் கட்டி வச்சேன். அனுப்பலை. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

மழைச் சத்தம் கேட்டது. அவள் பக்கமா, என் பக்கமா தெரியவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் என்னமோ மதத்த யோசிச்சேன், சாதிய யோசிச்சேன். நான் வாங்கிட்டுத் திருப்பாத சுடிதாரக்கூட யோசிச்சேன்ட்டி. ஒரு போஸ்ட் கார்டுல 'அனுப்பலை'ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நான் பஸ் ஏறி வந்து ஒன்னைய இழுத்துட்டுப் போயிருப்பேன்லா?"

"போயிருப்பே."

"இப்பவும் அனுப்ப மாட்டாவளா?"

"இப்ப அனுப்பறதுக்கு யாரும் இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."

 "சரி, எழுதிக்கோ" என்றாள் அலுவலகக் குரலில். "அ. ஜெசிந்தா. 1999லேர்ந்து 2002. கணிதம். அப்பா இனிஷியலு. அப்புறம் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் என்ன?"

"எது?"

"அவ வாராளா?"

நாலு மணிக்கு முழுப் பட்டியலையும் லீலாவதி மேடத்துக்கு அனுப்பினேன். பெயர் விட்டுப்போன நூற்று முப்பத்தேழும், பிறகு பதிந்தவர்களும்.

நவம்பர் 24, திங்கள்

இசக்கிராஜா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் கூப்பிட்டார். பானு தன் திரையைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தாள், திரை அணைந்திருந்தது.

"அக்கா, நீங்க பண்ணினது பெரிய தப்பு."

"ஆமா."

"ஆனா கமிட்டிக்கு நாப்பது பேருக்கு மேல போன் பண்ணிருக்காவளாம், ஒங்களைப் பத்தி. புகார்னு நினைச்சுத்தான் லீலாவதி மேடம் எடுத்திருக்காவ. பூரா பேரும், 'அந்தப் பொண்ணு மறுபடி எப்போ கூப்பிடும்'னு கேக்காவளாம்."

"பொண்ணா?"

"எழுபது வயசுக்காரவியளுக்கு நீங்க பொண்ணுதான்க்கா." சிரித்துவிட்டார். "நீங்களா வந்து சொன்னியள்லா, அது எனக்குப் போதும். இருங்க. ஆனா இனிமே எந்தப் பாரமா இருந்தாலும் அனுப்பிப் பாக்காம திறக்கப்பிடாது. அப்புறம், ஐடி கார்டுக்கு இனிஷியல் என்ன போட? மூணு மாசமா இழுத்தடிக்கிய."

"ந." என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பானு இரண்டு கையையும் தூக்கிக் குதித்ததில் தாம்பாளம் கீழே விழுந்தது. நல்லவேளை, பாயின் போன்கள் அதில் இல்லை. அண்ணிக்குப் போன் செய்து மாடியை வாடகைக்கு விடலாம் என்றேன். உண்மையாகவே வருத்தப்பட்டாள், பாவம்.

மதியம் சாப்பிட்டு வந்து படிவத்தைத் திறந்தேன். எண்ணை அடித்து 'தேடு' அழுத்தினேன். நாலு பெட்டியும் நிரம்பி, அடுப்புக்கும் மேகத்துக்கும் நடுவிலான அந்தச் சாம்பலுக்கு மாறின. கைபேசி எண் எழுதினேன். அசைவம்.

மறக்க முடியாத ஒன்று: 'எண்பத்தாறாம் வரிசையில் சொல்லியிருப்பது பாதிதான் உண்மை. வார்டனிடம் மாட்டியதும் அவள், முட்டையை அவித்ததும் அவள். நான் உப்பு மட்டும்தான் கொண்டுவந்தேன். டிசம்பர் 20 அன்று நேரில் நிரூபிக்கிறேன்.'

'அனுப்பு'.

பட்டியலைத் திறந்து கடைசி வரிசையைப் பார்த்தேன். பெயர், எண், வருடம், துறை, எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. அழிக்கவில்லை.